1.3 மல்டிஜெட் டீசல் குடும்பம்: ஸ்விஃப்ட் முதல் லீனியா வரை ஒரே இன்ஜின், வேறு வேறு குணம்

கெடிலக்கரை (கடலூர்)

நம்ம கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய டீசல் கார் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: மாருதி ஸ்விஃப்ட் எடுக்கலாமா, டாட்டா விஸ்டா எடுக்கலாமா, ஃபியட் புன்டோ மலிவாக வருகிறதே, அது எப்படி? மூன்று பானெட்டைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஃபியட்டின் 'மல்டிஜெட்' குடும்பத்து 1,248 சிசி டீசல்தான். அதனால் கம்பெனி வாரியாகச் சண்டை போடுவதை விட்டுவிட்டு இன்ஜினைப் பற்றி ஓரிடத்தில் எழுதி வைப்போம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் சேருங்கள்.

முதலில் வேர். டீசலை ஒரு பொதுக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிறுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் இன்ஜெக்டர் திறந்து தெளிப்பதுதான் காமன் ரெயில். அதைக் காருக்கு ஏற்றபடி உருவாக்கியதில் ஃபியட் குழுமத்தின் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990-களின் நடுவில் அதைப் பெரிய அளவில் தயாரிக்கும் வேலை ஜெர்மனியின் உதிரிபாகக் கம்பெனி பாஷ் கைக்குப் போனது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் அந்த முறையோடு வந்தது. அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தெளிப்புதான். முதலில் ஒரு துளி, அப்புறம் முக்கியத் தெளிப்பு. அந்த முதல் துளி எரிந்து சிலிண்டரைச் சூடாக்கி வைப்பதால், பின்னால் வரும் டீசல் திடீரென்று வெடிக்காமல் சீராகப் பற்றும். பழைய டீசலின் 'கடகட' சத்தம் குறைந்த காரணம் இதுதான்.

மல்டிஜெட் என்பது அடுத்த படி. இன்ஜெக்டர் மூடித் திறக்கும் வேகத்தைக் கூட்டி, ஒரே சுற்றில் ஐந்து தெளிப்பு வரை பிரித்துக் கொடுக்கும்படி செய்தார்கள். சத்தமும் குறைந்தது, புகையும் குறைந்தது. 2000-இல் ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டு வைத்திருந்தன. அந்தக் கூட்டில் பிறந்ததுதான் இந்த 1.3. போலந்தின் பீல்ஸ்கோ-பியாவா ஆலையில் தயாராகி 2003-இல் ஃபியட் புன்டோவிலும் ஓப்பல் கார்களிலும் ஏறியது.

அளவைப் பாருங்கள். போர் (சிலிண்டரின் விட்டம்) 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82 மி.மீ. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கேம் ஷாஃப்ட்டைச் சரியான நேரத்துக்குச் சுற்றவைக்கும் டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். மொத்த இன்ஜினே சுமார் 130 கிலோதான். அந்தக் காலத்தில் இவ்வளவு சின்ன நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசலை வேறு யாரும் இந்த அளவுக்குக் கொண்டுவரவில்லை. 2005-இல் சர்வதேச 'ஆண்டின் இன்ஜின்' விருதில் ஒரு லிட்டர் முதல் 1.4 லிட்டர் வரையான பிரிவை வென்றது. ஒரு டீசலுக்கு அந்தப் பிரிவு கிடைத்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

அதே 2005-இல் ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பிரிந்தன. ஆனால் இந்த இன்ஜினை இரண்டு தரப்புமே தொடர்ந்து பயன்படுத்தின. அதனால்தான் பிற்காலத்தில் நம் ஊரில் ஃபியட் பெயரிலும் ஷெவர்லே பெயரிலும் இது தனித்தனியாக வந்தது. ஐரோப்பாவில் ஃபியட் 500, பாண்டா, டோப்லோ, ஓப்பல் கோர்சா, மெரிவா, ஆல்ஃபா மிட்டோ, ஃபோர்டு கா என்று போகாத இடமில்லை.

இந்தியக் கதையில் மாருதிதான் முக்கியம். அதற்கு முன்னால் மாருதியின் ஜென் டீசலிலும் எஸ்டீம் டீசலிலும் இருந்தது பியூஜோவின் 1,527 சிசி இன்ஜின். டர்போ (வெளியேறும் புகையால் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) கிடையாது, நேரடித் தெளிப்பும் கிடையாது. சுசுகி மானேசரில் தனி இன்ஜின் ஆலை போட்டு, ஃபியட்டிடம் உரிமம் வாங்கி இந்த 1.3-ஐத் தயாரிக்கத் தொடங்கியது. 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டிடிஐஎஸ் (மாருதி தன் டீசலுக்கு வைத்த பெயர்) வந்தது. 75 குதிரைத்திறன், 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் இழுவை. அன்றைக்கு 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட்டைவிட இழுவையில் எவ்வளவோ மேல். அடுத்த ஆண்டு டிசையர் வந்ததும் நம் டாக்ஸி ஸ்டாண்டுகளின் நிறமே வெள்ளையாக மாறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மற்ற வண்டிகளைப் பற்றி அடுத்தடுத்து எழுதுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.


பண்ருட்டி_பலா

அருமையான தொடக்கம் அண்ணா. எனக்கு நேரடியான தேவை இருக்கிறது. பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சென்னை. பட்ஜெட்டுக்குள் பழைய ஸ்விஃப்ட், பழைய எர்டிகா, லீனியா மூன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 75 குதிரைத்திறன் என்கிறார்கள், இன்னொன்றில் 90 என்கிறார்கள். ஒரே இன்ஜின் என்றால் இந்தப் பதினைந்து எங்கிருந்து வருகிறது? 90 என்றால் பிக்கப் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? ஓட்டிப் பார்த்தால் லீனியா கீழ் கியரில் மந்தமாகத் தெரிந்தது.


கெடிலக்கரை (கடலூர்)

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். போர், ஸ்ட்ரோக், சிசி மூன்றும் இரண்டிலும் ஒன்றே. பெரிய வேறுபாடு டர்போவில்.

75-இல் இருப்பது நிலையான டர்போ. புகை வந்து டர்பைனைச் சுற்றும் பாதையின் அகலம் மாறாது. சுற்று குறைவாக இருக்கும்போது புகையின் வேகம் போதாது, டர்போ தூங்கும். 1,800, 2,000 தொட்டதும் சட்டென்று எழுந்து தள்ளும். ஸ்விஃப்ட் டீசல் ஓட்டியவர்கள் முதுகில் ஒரு தள்ளு வருகிறதே என்று சொல்வது அந்த இடத்தைத்தான்.

90-இல் இருப்பது மாறும் வடிவ டர்போ. டர்பைனைச் சுற்றிச் சின்ன இறக்கைகள் இருக்கும். சுற்று குறைவாக இருக்கும்போது அவை நெருங்கிப் பாதையைக் குறுக்கும், புகை வேகமாகப் பாயும். சுற்று கூடினால் விரிந்து வழிவிடும். அதனால் 200 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றிலேயே கிடைக்கிறது, மேலே போனாலும் மூச்சு வாங்காது.

காகிதத்தில் பார்த்தால் 90-தான் கீழேயும் நன்றாக இருக்க வேண்டும். சாலையில் உங்களுக்கு மந்தமாகத் தெரிந்ததற்குக் காரணம் வண்டியின் எடையும் கியர் விகிதமும். 90 போட்ட வண்டிகள் பெரும்பாலும் பெரியவை. எர்டிகா 1,200 கிலோவைத் தாண்டும், லீனியாவும் கனமான வண்டி. டர்போ விழிக்கும் முன் அந்த எடையை இழுப்பது வெறும் 1.3 லிட்டர் இன்ஜின். ஸ்விஃப்ட் லேசு, அதனால் அந்த இடைவெளி தெரியாமல் போகிறது. லீனியாவை விக்கிரவாண்டி தாண்டி நான்கு வழியில் விட்டுப் பாருங்கள், அப்புறம் அதை மந்தம் என்று சொல்ல மாட்டீர்கள். நெடுஞ்சாலையில் அதன் நிலைப்பும் கனமும் ஸ்விஃப்ட்டுக்கு வராது.

90 எந்தெந்த வண்டியில்: மாருதியில் எஸ்எக்ஸ்4 டீசல் (2011), எர்டிகா (2012), சியாஸ் (2014), எஸ்-கிராஸ், பிரெஸ்ஸா. டாட்டாவில் மான்ஸா, விஸ்டா டி90, ஜெஸ்ட் (ஜெஸ்ட்டின் சில மலிவு மாடல்களில் 75). ஃபியட்டில் லீனியா, பிற்காலப் புன்டோ. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், பலேனோ, பழைய விஸ்டா, போல்ட் எல்லாம் 75 வகை. மாருதி சில காலம் டிடிஐஎஸ் 190, டிடிஐஎஸ் 200 என்று ஒட்டியது இழுவை எண்ணைத்தான். எஸ்-கிராஸில் மட்டும் டிடிஐஎஸ் 320 என்று இருந்தால் அது இந்த இன்ஜின் இல்லை. ஃபியட்டின் 1.6 மல்டிஜெட், இவனுடைய அண்ணன். அது கிடைத்தால் தனிக் கதை.


வில்லியனூர்_ஒர்க்ஷாப்

வணக்கம். ஒர்க்‌ஷாப் வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். வரலாறு எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். நான் கையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த இன்ஜினுக்கு ஆயில்தான் உயிர். எல்லா இன்ஜினுக்கும் அப்படித்தானே என்பார்கள். இதற்கு இன்னும் அதிகம், ஏன் என்று சொல்கிறேன். சேம்பரில் பிடிக்கும் ஆயில் மூன்று லிட்டர் சொச்சம்தான். அம்பாசடர், பழைய மகேந்திரா பார்த்த கைகளுக்கு இது ஒன்றுமே இல்லை. அந்த மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த ஆயில் என்னென்ன வேலை பார்க்கிறது பாருங்கள்: பேரிங்குக்குப் போக வேண்டும், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போ ஷாஃப்ட்டுக்குப் போக வேண்டும், வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்கிற ஹைட்ராலிக் டேப்பட்டுக்குப் போக வேண்டும், கடைசியாக டைமிங் செயின் டென்ஷனருக்கும் போக வேண்டும். செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம்தான்.

ஆயில் குறைந்தாலோ கரி ஏறிக் கெட்டியானாலோ முதலில் குரல் கொடுப்பது செயின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜினின் கியர்பாக்ஸ் பக்கம் இல்லாத மறுபக்கத்தில் காதை வையுங்கள். இரண்டு மூன்று நொடி 'சரசர' என்று சங்கிலி உரசுகிற சத்தம் வந்து நின்றால் டென்ஷனர் தாமதமாக ஏறுகிறது என்று பொருள். சூடானபிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்றால் செயின் நீண்டுவிட்டது. அப்படியே ஓட்டினால் ஒருநாள் செயின் பல் தாவும், பிஸ்டன் வால்வைத் தொடும். இந்த ஹெட்டில் ஒரு நல்லது உண்டு. பல வண்டிகளில் வால்வை அழுத்தும் ராக்கர் கை முதலில் முறிந்து வால்வைக் காப்பாற்றிவிடும். ராக்கர் செட், செயின் கிட் மாற்றினால் வண்டி எழுந்துவிடும். ஆனால் அதை நம்பி ஓட்டக் கூடாது, வால்வு வளைந்து ஹெட் இறக்கிய வண்டிகளும் உண்டு.

செயின் என்றால் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் மட்டும்தான் அந்தப் பேச்சு நிற்கும். இரண்டு லட்சம் கி.மீ. தாண்டியும் செயின் அசையாத டிசையர் பார்த்திருக்கிறேன். லட்சம் தொடுவதற்குள் செயின் தொங்கிய டிசையரும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் கம்பெனி ஒன்று, ஆலை ஒன்று. வித்தியாசம் ஓட்டியவர் கையில்.

இன்னொன்று: லாரிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். மாருதி கையேட்டில் ஒரு தரம், ஃபியட் கையேட்டில் ஒரு தரம் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள தரத்தையே வாங்குங்கள். சின்தெடிக் விலை அதிகம் என்று தோன்றும். மூன்று லிட்டர்தானே வாங்குகிறோம்.


அரியாங்குப்பம்_டாக்ஸி

மேஸ்திரி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் டிசையர் டூர் ஓட்டுகிறேன். கடலூரிலிருந்து ஜிப்மருக்கு நோயாளிகளைக் கூட்டிவருவது, புதுச்சேரியிலிருந்து சென்னை ஏர்போர்ட், இதுதான் பிழைப்பு. ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் வண்டி ஒரே செல்ஃபில் எடுக்க வேண்டும், உள்ளே மூச்சுத் திணறும் ஆளை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்க முடியாது. இந்த இன்ஜின் எனக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்திருக்கிறது, அதனால்தான் இதைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

ஓட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். 1,500 சுற்றுக்குக் கீழே நான்காம் கியரில் போட்டு மிதிக்காதீர்கள். டர்போ வராது, டீசல் மட்டும் போகும், கரும்புகை வரும், கரி உள்ளே படியும். மூன்றுக்கு இறக்குங்கள். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது இரண்டுக்குப் போகச் சோம்பல் படக் கூடாது. மைலேஜ் குறையும் என்று பயந்து மேல் கியரிலேயே இழுக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் குறைகிறது.

வந்து நின்றதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். நெடுஞ்சாலையில் வேகமாக வந்திருந்தால் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், டர்போ குளிரட்டும். ஏறி இறங்கும் வாடிக்கையாளர் பெட்டியை எடுக்கிற நேரம் போதும்.

தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று வரிசையாக பங்க் இருக்கிறது. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால் கடலூர் வண்டிகள் எல்லாம் இங்கே வந்து நிரப்பிப் போகும். அதில் தப்பில்லை. ஆனால் கூட்டமில்லாத பங்க்கில், தண்ணீர் கலந்த டீசல் வாங்கிவிட்டால் காமன் ரெயிலுக்கு மரணம். டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். மழைக்காலத்தில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.


முத்தியால்பேட்டை_மாமா

பியூஜோ பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரிக்காரனுக்கு அந்தச் சிங்கம் சின்னம் மேல் ஒரு பாசம் உண்டு. கல்யாண் ஆலையில் பிரீமியரோடு சேர்ந்து பியூஜோ 309 போட்டார்கள், 1990-களின் நடுவில். அந்த 1,527 சிசி டீசல்தான் ஜென், எஸ்டீம் டீசலுக்கும் வந்தது. அதை ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: பொறுமையான இன்ஜின், மலிவான மெக்கானிக்கல் பம்ப், எந்தத் தெருமுனைக் கடையிலும் சரிசெய்யலாம். மல்டிஜெட் அப்படி இல்லை. ஸ்கேனர் வேண்டும், இன்ஜெக்டர் பரிசோதிக்கும் மேசை வேண்டும். சத்தம், வேகம், மைலேஜ் எல்லாம் மேல்தான். ஆனால் தெருக்கடைக் கையிலிருந்து அந்த வேலை போய்விட்டது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும் இல்லையா?


வில்லியனூர்_ஒர்க்ஷாப்

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு திருத்தம். மல்டிஜெட் வேலை தெருக்கடையை விட்டுப் போகவில்லை, படித்துக்கொண்டவர்கள் கடைக்கு மாறிவிட்டது. இத்தனை லட்சம் வண்டி ஓடும்போது எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பும் டீசலை நான்கு சின்னக் குப்பியில் பிடித்து ஒப்பிட்டால் எது கசிகிறது என்று கண்ணாலேயே தெரியும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம்.

இன்ஜெக்டர் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். அதன் அடியில் ஒரு செம்பு வாஷர் உண்டு. அது தேய்ந்தால் எரிந்த வாயு மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்புத் தார் மாதிரி கெட்டியாகும். 'சுக் சுக்' என்று ஒரு சத்தமும் வரும். உடனே பார்த்தால் வாஷர் விலையோடு போகும். விட்டுவிட்டால் இன்ஜெக்டரையே பிடுங்க முடியாமல் ஹெட்டோடு இறக்க வேண்டி வரும். பழைய வண்டி பார்க்கும்போது மேல் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். விற்கிறவர் தடுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.


பாகூர்_ஏரிக்கரை

டாட்டா பக்கம் யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் விஸ்டா குவாட்ராஜெட் (இந்த 1.3-க்கு டாட்டா வைத்த பெயர்) இருக்கிறது. 2008-இல் இண்டிகா விஸ்டா வந்தபோது டாட்டா தன் பழைய 1,405 சிசி டீசலையும் வைத்துக்கொண்டு மேல் மாடலுக்கு இந்த இன்ஜினைக் கொடுத்தது. ஃபியட்டோடு கூட்டு சேர்ந்து மகாராஷ்டிராவில் ரஞ்சன்காவ் ஆலையில் தயாரானது. எண்கள் ஸ்விஃப்ட் மாதிரியே 75, 190. ஆனால் பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் கால் நீட்டி உட்காரலாம். வயல் வேலைக்கு உர மூட்டை ஏற்றியும் பார்த்தாயிற்று.

வருத்தம் ஒன்று உண்டு. கடலூர் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) கிளட்ச் வழுக்குகிறது என்று விட்டால் இன்ஜின் இழுவை போய்விட்டது, இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்தார்கள். வெளியே காட்டியபோது, டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இண்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு பிளவு. காற்று அங்கே 'ஸ்ஸ்' என்று வெளியே போய்க்கொண்டிருந்தது. குழாயும் கிளிப்பும் மாற்றியதும் பழைய இழுவை வந்துவிட்டது. இழுவை குறைந்தால் இன்ஜெக்டர் வரை போகும் முன் குழாய், ஏர் ஃபில்டர், ஈஜிஆர் வால்வு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.


கெடிலக்கரை (கடலூர்)

நல்ல தகவல். ஈஜிஆர் பற்றி ஒரு வரி: எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பிச் சூட்டைக் குறைக்கும் வால்வு அது. காலையில் அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் ஊர்ந்தே போகிற வண்டிகளுக்கு அதில் கரி சீக்கிரம் கட்டும். வாரம் ஒருமுறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்று நீட்டி ஓட்டிவிட்டால் நல்லது.

இப்போது விட்ட இடத்திலிருந்து. 2010-இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது, டீசலுக்கு 2014 அக்டோபர் வரை இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டுக்கும் விலை இடைவெளி பெரிதானதும் ஊரே டீசல் கேட்டது. மாருதியால் போதுமான இன்ஜின் போட முடியவில்லை. 2012 தொடக்கத்தில் தன் போட்டியாளரான ஃபியட்டின் ரஞ்சன்காவ் ஆலையிலிருந்தே ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை இன்ஜின் வாங்க ஒப்பந்தம் போட்டது. இதை 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று பத்திரிகைகள் எழுதியது சும்மா இல்லை. பிரீமியர் ரியோவில்கூட இதைப் போட்டார்கள்.

ஷெவர்லே கிளை சுவாரசியமானது. செயில், என்ஜாய் இரண்டிலும் இந்த 1.3. பீட் டீசலுக்கு என்ன செய்தார்கள் என்றால், ஒரு சிலிண்டரை எடுத்துவிட்டார்கள். போரும் ஸ்ட்ரோக்கும் மாறவில்லை. 1,248-இல் நான்கில் மூன்று பங்கு 936. பீட்டின் சிசி அதுதான். 2011-இல் வந்தது. இந்த இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் தன்னளவில் எவ்வளவு முழுமையாக வடிவமைக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2017-உடன் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, அதனால் செயில், பீட் வாங்குகிறவர்கள் உதிரிபாகத்தை முதலில் விசாரித்துவிட்டு வண்டியைப் பாருங்கள்.

2015-இல் சியாஸில் எஸ்எச்விஎஸ் வந்தது. ஆல்டர்னேட்டரையே ஸ்டார்ட்டராகவும் உதவி மோட்டாராகவும் பயன்படுத்தும் முறை. அரசு சோதனையில் லிட்டருக்கு 28.09 கி.மீ. காட்டியது. சாலையில் அவ்வளவு வராது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் 12 ஆண்டு வயதான ஓர் இன்ஜினிலிருந்து அந்த எண்ணை எடுத்தது பெரிய வேலை.


பண்ருட்டி_பலா

அண்ணா, ஒரு சந்தேகம். நான் பார்த்த ஸ்விஃப்ட் கடலூர் வண்டி. 2015 வெள்ளத்தில் நின்றதா என்று தெரியவில்லை. விற்கிறவர் "மாடியில் இருந்த வண்டி" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?


வில்லியனூர்_ஒர்க்ஷாப்

கேட்க வேண்டிய கேள்வி. 2011 டிசம்பரில் வந்த 'தானே' புயலிலும் 2015 நவம்பர் மழையிலும் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

நின்ற வண்டிக்குத் தண்ணீர் சீட்டையும் வயரிங்கையும் கெடுக்கும். தண்ணீரில் ஓட்டிய வண்டிக்கு இன்ஜினே போகும். ஏன் என்று கணக்குப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. டீசல் என்பதால் அழுத்த விகிதம் 17, 18 அளவு. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 20 சிசிகூட இல்லை, இருமல் மருந்து பாட்டிலின் மூடி அளவுதான். அதற்கு மேல் தண்ணீர் காற்றுக் குழாய் வழியே புகுந்தால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும். சில வண்டிகளில் லேசாக வளைந்து, காயவைத்ததும் ஸ்டார்ட் ஆகி ஓடும். விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். பிறகு ஒருநாள் ராட் முறிந்து பிளாக்கைத் துளைக்கும்.

பார்க்க வேண்டியவை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள திருகுகளில் துரு. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் மண் படிவு. கடலோர வண்டி என்றால் கொஞ்சம் துரு இருக்கும்தான். உப்புக் காற்றுத் துரு மேலாக, பரவலாக இருக்கும். வெள்ளத் துரு ஒரு மட்டத்தில் கோடு போட்டு நிற்கும். கடைசியாக நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் எடுங்கள். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் அந்த ராட் வளைந்திருக்கலாம், பிஸ்டன் முழு உயரம் வரவில்லை. இஞ்சின் ஓடுகிறதே என்று ஏமாறாதீர்கள்.


முத்தியால்பேட்டை_மாமா

அந்த 20 சிசி கணக்கு அருமை. எங்கள் தெருவில் மழைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கிற பையன்களுக்குக் காட்டுகிறேன். ஒரு கேள்வி: இவ்வளவு நல்ல இன்ஜினை ஏன் நிறுத்தினார்கள்?


கெடிலக்கரை (கடலூர்)

பிஎஸ்6 என்கிற புகை விதி, மாமா. 2020 ஏப்ரல் 1 முதல் நைட்ரஜன் ஆக்சைடு, கரித்துகள் இரண்டுக்கும் கட்டுப்பாடு கடுமையானது. டீசலுக்கு அதைச் சமாளிக்கத் துகள் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தனி ஏற்பாடும் வேண்டும். சின்ன காரில் அந்தச் செலவைச் சேர்த்தால், பெட்ரோல் காரைவிட டீசல் காருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை ஓட்டி மிச்சப்படுத்தித் திரும்ப எடுக்கவே முடியாது. மாருதி 2019 ஏப்ரலிலேயே டீசலை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே சமயத்தில் சுசுகி சொந்தமாக உருவாக்கிய 1,498 சிசி டீசலை சியாஸிலும் எர்டிகாவிலும் போட்டது, ஓர் ஆண்டுகூட ஓடவில்லை. அதற்கு முன் செலேரியோவுக்காக 793 சிசி இரட்டை சிலிண்டர் டீசல் செய்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. ஃபியட்டிடம் வாங்கிய 1.3-தான் பதிமூன்று ஆண்டு மாருதியின் டீசல் வண்டிகளைத் தாங்கியது. பெரிய அண்ணன் 2.0 லிட்டர் மல்டிஜெட் பிஎஸ்6-க்கு மாறி ஜீப் காம்பஸ், ஹாரியர், ஹெக்டர் என்று தொடர்ந்தது. விலை உயர்ந்த வண்டிக்கு அந்தக் கூடுதல் செலவு தாங்கும்.

பண்ருட்டித் தம்பிக்கு என் தீர்ப்பு: தினமும் நெய்வேலி போய்வர ஸ்விஃப்ட் போதும். குடும்பத்தில் ஐந்து பேருக்கு மேல் என்றால் எர்டிகா. லீனியா நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைத்து, வில்லியனூர் மேஸ்திரி மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் மனதைக் கட்டுப்படுத்த வேண்டாம். ஆனால் மூன்றிலும் நான் முதலில் கேட்பது ஆயில் மாற்றிய பில். பில் இல்லாத 60,000 கி.மீ. வண்டியைவிட, பத்தாயிரத்துக்கு ஒரு பில் வைத்திருக்கும் ஒன்றரை லட்சம் கி.மீ. வண்டியை நான் எடுப்பேன்.


பண்ருட்டி_பலா

மிக்க நன்றி அண்ணா, மேஸ்திரி ஐயா, எல்லோருக்கும். ஸ்விஃப்ட்காரரிடம் பில் கேட்டேன், பெரும்பாலும் இருக்கிறது என்கிறார். இரண்டு இடத்தில் இடைவெளி. ஐயா, நீங்கள் வந்து ஒருமுறை பார்க்க முடியுமா? வண்டி திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. இல்லை நானே வில்லியனூருக்கு ஓட்டி வரட்டுமா?


வில்லியனூர்_ஒர்க்ஷாப்

ஓட்டி வர வேண்டாம் தம்பி. இங்கே வந்து சேர்வதற்குள் சூடாகிவிடும், செயின் சத்தம் கேட்காது. ஞாயிறு காலை நானே வருகிறேன், கம்ப்ரஷன் கேஜும் ஸ்கேனரும் எடுத்து வருகிறேன். முதல் நாள் இரவே விற்கிறவரிடம் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கழுவவும் வேண்டாம். நாம் போய் பானெட்டில் கை வைக்கும்போது சூடாக இருந்தால் காரணம் கேட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்போம்.